எங்கே புட் அப்?

பம்பாயில் என் காதில் விழுந்த முதல் இங்கிலீஷ் ‘புட் அப்’. கல்யாணமான கையோடு கணவருடன் தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கிய காலை அது. வழி நெடுக எங்கள் புளியோதரையில் பங்கு வாங்கிக்கொண்டு வந்த மாமா ஒருவர், படுக்கையைச் சுருட்டிக்கொண்டே என் கணவரிடம், “எங்கே புட் அப் பண்ணிண்டிருக்கேள்?” என்று கேட்டார். என் கணவர் “மாட்டுங்கா” என்றார். சொல்லும்போது முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அறுபதுகளின் ஆரம்பத்தில் எங்கள் தெருவில் அது பெரிய படிப்பு. புட் என்றால் வை, அப் என்றால் மேலே; ஆகவே என் கணவரை யாரோ தூக்கி எங்கேயோ மேலே வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். வந்து பார்த்தால் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. டிரங்குப் பெட்டியோடு படியேறி முடித்தபோது, மாமா சரியாகத்தான் கேட்டிருக்கிறார் என்று தோன்றியது.

பிறகு பார்த்தால் பம்பாயில் எல்லாமே புட் அப்தான். என் கணவர் ஃபோர்ட் பக்கம் ஒரு கம்பெனியில் கிளார்க். சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போதே, இன்றைக்கு ஃபைலைப் புட் அப் பண்ணினேன், துரை திருப்பிவிட்டார், நாளைக்கு மறுபடி புட் அப் பண்ண வேண்டும் என்பார். கீழே இருப்பவன் மேலே இருப்பவன் முன்னால் பணிவாகக் கொண்டுபோய் வைப்பதாம். நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டினால் புட் அப். கிங்ஸ் சர்க்கிள் சபாக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு நாடகம் போட்டால் அதுவும் புட் அப். கார்ப்பரேஷன் தேர்தலுக்கு எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டுக்காரரைப் பிடித்துப் புட் அப் பண்ணினார்கள். அவருடைய மனைவியே வேறு ஆளுக்கு ஓட்டுப் போட்டாள் என்று பேச்சு. தமிழில் நாம் வைப்பது, கட்டுவது, போடுவது, நிறுத்துவது என்று வேலைக்கு ஒரு சொல் வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம். இங்கிலீஷ்காரன் சோம்பேறி. ஒரே ஆளை எல்லா வேலைக்கும் அனுப்பிவிடுகிறான்.

ஆனால் என் கணவருக்கு மிகவும் பிடித்த புட் அப் இவற்றில் எதுவும் இல்லை. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இடம் கொடுப்பதுதான் அது. அவரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டு வராந்தாவில் புட் அப் ஆகித்தான் பம்பாயில் காலூன்றினாராம். மாட்டுங்காவில் இருந்த பாதிக் குடும்பங்களின் கதை அதுதான். முன்னால் வந்தவன் பின்னால் வருகிறவனுக்குப் பாய் போட வேண்டும். போடாதவனை மனுஷனாகவே யாரும் எண்ண மாட்டார்கள். நல்ல வழக்கம்தான். அதில் எனக்கு இருந்த ஒரே குறை, அந்தப் பாய் என் வீட்டில் கிடந்ததுதான்.

வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்து ஒரு கேலரி. கேலரியை மூங்கில் தட்டி போட்டு அடைத்துவிட்டால் பம்பாயில் அதற்கும் அறை என்று பெயர். நான் வலது காலை எடுத்து வைத்து உள்ளே நுழைந்தபோதே அதற்குள் ஒருத்தர் இருந்தார். என் பெட்டியை ஓடி வந்து வாங்கி வைத்தவரும் அவரே. என் கணவருக்கு என்ன உறவு என்று பல தடவை கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அத்தை வழியாக வந்தார். வேலை தேடிக்கொண்டு, நாலு நாள் தங்கிப் போக வந்தவராம். வேலை கிடைத்துவிட்டது. செம்பூர் பக்கம் ஒரு ஃபாக்டரியில், நல்ல வேலையாகவே கிடைத்தது. நாலு நாள்தான் முடியவில்லை.

அவரை நான் மனசுக்குள் கேலரிக்காரர் என்றே வைத்திருந்தேன். நேரில் அவர் என்னை மன்னி என்பார். விடிவதற்கு முன் எழுந்து தண்ணீர் பிடித்து வைப்பார். பால் சென்டரில் க்யூவில் நின்று பாட்டில் வாங்கி வருவார். என் ரசத்தை என் கணவர் ஒரு நாளும் பாராட்டியதில்லை; இவர் தினமும் பாராட்டுவார். கெட்டவராக இருந்திருந்தால் என் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். நல்லவரை எந்த முகத்தோடு வெளியே போகச் சொல்வது?

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் கணவரோடு வாய்விட்டுச் சத்தமாக ஒரு சண்டை போட வேண்டும். சிரிக்க வேண்டாம். நான் சத்தத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஆரம்பித்தால் தெருக்கோடி வரை கேட்கும். யாராவது எட்டிப் பார்த்து மத்தியஸ்தம் செய்வார்கள். முடிந்ததும் அம்மா பாடிக்கொண்டே காபி கலப்பாள், அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். தாம்பத்தியம் என்றால் நான் கண்டது அதுதான். இங்கே மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல மனுஷர் மூச்சு விடுவதே கேட்கிறது. கோபத்தில் பாதி குரலில்தான் இருக்கிறது. அதைக் கிசுகிசுவென்று சொன்னால் யாரையோ பற்றிக் கோள் சொல்வது மாதிரி ஆகிவிடுகிறது. பேசப் பேச எனக்கே என் கோபத்தின் மேல் நம்பிக்கை போய்விடும்.

இதற்கு மாட்டுங்கா வைத்திருந்த ஏற்பாடு ஃபைவ் கார்டன்ஸ். சாயங்கால வேளையில் அங்கே மரத்தடி பெஞ்சுகளில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள். பம்பாய்க் காதலர்கள் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். காதலாவது மண்ணாவது. அவர்களில் பாதிப் பேர் முறைப்படி கல்யாணமானவர்கள். வீட்டில் இடமில்லாமல் சண்டை போட வந்தவர்கள். என்ன, அங்கேயும் பக்கத்துப் பெஞ்சு கேட்குமே என்று குரலை அடக்கித்தான் போட வேண்டும். நானும் போட்டேன்.

அப்படி ஒரு பெஞ்சில்தான் நேராகவே கேட்டேன், அவரை எப்போது அனுப்பப் போகிறீர்கள் என்று. என் கணவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். “வந்தவாளைப் போன்னு எப்படிச் சொல்றது? நன்னாருக்குமா? நீ கொஞ்சம் புட் அப் வித் பண்ணிக்கோயேன்.”

அதென்ன புதிதாக ஒரு ‘வித்’ என்று கேட்டேன். அது பொறுத்துக்கொள்வதாம். இடம் கொடுத்தால் புட் அப். வாலில் ஒரு சின்ன ‘வித்’ ஒட்டிக்கொண்டால் சகித்துக்கொள்வது. எனக்கு அப்போது ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. புருஷர்கள் புட் அப் பண்ணுவார்கள். அந்த ‘வித்’தை மட்டும் எடுத்துப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிடுவார்கள்.

போ என்று சொல்லக் கூடாது. சரி, தானாகப் போகும்படி செய்யக் கூடாதா? யோசித்து யோசித்து நான் கண்டுபிடித்த வழி கல்யாணம். எங்கள் ஊரில் ஒருத்தனுக்குக் கல்யாணமானால் அடுத்த வருஷம் தனிக்குடித்தனம். பெண்டாட்டி சும்மா விட மாட்டாள். கேலரிக்காரருக்கு ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டால் மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். என் கணவரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே உற்சாகம். வெளியே ஒன்றைக் காட்டி உள்ளே வேறொன்றை வைத்து ஜோடிக்கிற காரியத்துக்கு இங்கிலீஷில் ‘புட் அப் ஜாப்’ என்று பெயர் என்றார். சொல்லிவிட்டு வெகு நேரம் சிரித்தார்.

பக்கத்து வீட்டு மாமி ஜாதகம் கொண்டுவந்தாள். பெண் வடாலாவில் இருந்தாள். ஒரே அறையில் பெரிய குடும்பம், இவள்தான் மூத்தவள். போய்ப் பார்த்தோம். கலகலப்பான பெண், குரலும் கணீரென்று இருந்தது. இவள் கேலரியில் குடித்தனம் பண்ண மாட்டாள் என்று எனக்கு அப்போதே தைரியம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா பையன் இருக்கும் இடத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நான் உழைத்த உழைப்பு இருக்கிறதே. தரையைத் தேய்த்துக் கழுவினேன். மூங்கில் தட்டியைச் சோடா போட்டுத் துடைத்தேன். கேலரிக்குப் புதுத் திரை தைத்துப் போட்டேன். காபிக்கொட்டையை அன்றைக்கே வறுத்து அரைத்தேன். வந்த மனுஷர் வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு. உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கேலரியை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரிடம் நிதானமாகக் கேட்டார்.

“கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை எங்கே புட் அப் பண்றதா இருக்கார்?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. என் கணவர் எதிர்பார்த்திருந்தாலும் அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். தாதர் ஸ்டேஷனில் நிமிர்ந்த அதே முதுகு நிமிர்ந்தது.

“எங்காத்துல இருக்கலாமே,” என்றார். “நாலு நாள் ஆனா என்ன, நாலு வருஷம் ஆனா என்ன?”

பெண்ணின் அப்பா கைகூப்பிவிட்டார். “அப்போ எனக்குக் கவலையே இல்லை. கொழந்தை பம்பாய்ல தனியாக் கெடந்து தவிக்கப் போறாளேன்னு இருந்தேன். இப்படி ஒரு மன்னி துணைக்கு இருக்கச்சே என்ன?” என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே ஜலம். என் கையில் காபி டவரா. என் காபியே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தம்பதியை எங்கள் வாசலில் நிற்கவைத்து ஆரத்தி எடுத்தவள் நான். ஒருத்தரை அனுப்பப் போட்ட திட்டத்தில் இரண்டு பேர் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்கள். மூங்கில் தட்டி போய்ப் பிளைவுட் வந்தது. வடாலாவில் அத்தனை பேர் நடுவில் படுத்தவளுக்குக் கேலரி மைசூர் அரண்மனை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே தலை பின்னிக்கொள்வாள். என்னிடம் ஒட்டிக்கொண்டாள். மன்னி, மன்னி என்று கறிகாய் நறுக்குவாள், ஊறுகாய் போடுவாள், என் பக்கம் சேர்ந்துகொண்டு என் கணவரைக் கேலி பண்ணுவாள். எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. அது இன்னும் பெரிய தொல்லை.

கொஞ்ச நாளில் அந்தக் கணீர்க் குரலும் அடங்கிவிட்டது. பிளைவுட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிசுகிசு வரும்; இந்தப் பக்கத்தில் நாங்கள் கிசுகிசுப்போம். ஒரு தடவை ஃபைவ் கார்டன்ஸில் எங்கள் வழக்கமான பெஞ்சுக்குப் போனால் அதில் அவர்கள் இருந்தார்கள். அவள் மூக்கு சிவந்திருந்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். நாலு பேரும் அந்த மரம் எவ்வளவு பெரிய மரம் என்று பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

கடைசியில் திலக் நகரில் ஹவுசிங் போர்டு காலனியில் அவர்களுக்கு ஓர் இடம் அலாட் ஆயிற்று. சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு நமஸ்காரம் பண்ணினார்கள். புறப்படுகிறவர்களிடம் சொல்லியே ஆக வேண்டியதை நான் சொன்னேன்: இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாமே. அவள் கணவனைப் பார்த்தாள். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர், அதானே என்றார். கட்டினதை அவிழ்த்து வைத்து இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுத்தான் போனார்கள். இந்த ஒரு தடவை நாலு நாள் என்றால் சரியாக நாலு நாளாகவே இருந்தது. அவர்கள் போன அன்று அழுதேன். அது வேஷமில்லை.

அன்று சாயங்காலமே எனக்குச் சந்தர்ப்பம் வந்தது. என் கணவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் இன்று கொட்டிவிடுவது என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரில் போய் நின்றேன். வாயைத் திறந்தால் கிசுகிசுப்புதான் வந்தது. மறுபடி முயன்றேன். குரல் மேலே ஏறவே மாட்டேன் என்கிறது. என் கணவர், “என்ன, தொண்டை கட்டிண்டிருக்கா?” என்று மிளகு கஷாயம் போட எழுந்து போனார். வீடு எனக்குத் திரும்பி வந்துவிட்டது. குரல் அந்தக் கேலரியோடு போய்விட்டிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் அறையின் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, யார் தலையிலும் விழவில்லை. ரிப்பேர் முடியும்வரை மூன்றாம் மாடியைக் காலி பண்ணச் சொன்னார்கள். மரத்தூண்களை நிறுத்தி முட்டுக் கொடுத்தார்கள். வாசலில் அபாயம் என்று ஒரு போர்டு மாட்டினார்கள். இரண்டையும் புட் அப் பண்ணியாயிற்று என்று என் கணவர் எனக்குத் தெரிவித்தார். கான்ட்ராக்டர், “பஸ், தோ ஹஃப்தா,” என்று விரலைக் காட்டினான். இரண்டே வாரமாம். மாடிப்படியில் எல்லாரும் எல்லாரையும் எங்கே புட் அப் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு யோசிக்க நேரமே வைக்காமல் கேலரிக்காரர் டாக்ஸியோடு வந்து நின்றார். “நாலு நாள்தானே மன்னி,” என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டார். முதல் நாள் வாங்கிய அதே பெட்டி.

திலக் நகரில் அவர்கள் வீடு முதல் மாடி. ஓர் அறை, ஒரு சமையலறை, கேலரி கிடையாது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அறையை எங்களுக்கு விட்டுவிட்டுச் சமையலறையில் அவர்கள் படுத்துக்கொண்டார்கள். என்னை அடுப்பங்கரைக்கே விடமாட்டாள். உட்காருங்கோ மன்னி என்பாள். நானும் விடாமல் அவள் ரசத்தைத் தினமும் பாராட்டினேன். என் கணவர் காலையில் போய்ப் பால் பாட்டில் வாங்கி வந்தார். மழை விடவில்லை, கான்ட்ராக்டரின் இரண்டு வாரம் எங்கள் ஊர் நாலு நாள் மாதிரி வளர்ந்துகொண்டே போயிற்று.

சாயங்காலமானால் இருவரும், காற்றாடப் போய்விட்டு வருகிறோம் என்று காலனி மைதானத்துக்குக் கிளம்புவார்கள். மழை தூறினால் குடையோடு போவார்கள். திரும்பி வரும்போது அவர் முன்னால் வருவார், அவள் நாலடி பின்னால் வருவாள். “பாரேன், இன்னும் புதுசாக் கல்யாணம் ஆனவா மாதிரி,” என்றார் என் கணவர். நான் அவள் மூக்கைப் பார்த்தேன். சிவந்திருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அவர்கள் செருப்பை மாட்டுவதற்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன். இன்றைக்கு நாங்கள் வெளியே போகிறோம், வர நேரமாகும், நீங்கள் வீட்டில் இருங்கள் என்றேன். என் கணவர் ரேடியோவில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்; கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு கீழே வந்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கதவு சாத்திக்கொண்டது.

வாசல் கேட்டைக்கூட நாங்கள் தாண்டவில்லை. மேலே ஜன்னலிலிருந்து, வடாலாவில் நான் முதல் நாள் கேட்ட கணீர்க் குரல் வந்தது.

“நாலு நாள், நாலு நாள்னேளே. எந்த ஊர்க் கணக்கு இது? என் ஆத்துல நான் இருமறதுக்குக்கூட மைதானத்துக்குப் போக வேண்டியிருக்கு.”

அவர் ஏதோ சொல்வது கேட்டது. மெதுவாகப் பேசு என்கிறார், வந்தவர்களைப் போ என்று சொல்ல முடியுமா என்கிறார், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்கிறார். அவர் சொல்லாமலே எனக்கு வரிசையாகத் தெரியும்.

“மெதுவாப் பேசிப் பேசி என் தொண்டையே போயிடுத்து. மாட்டுங்காவுலயும் மெதுவா, இங்கயும் மெதுவா. அவா வெளில போயிருக்கா. இன்னிக்கு நான் சத்தமாத்தான் பேசப் போறேன்.”

கீழ்வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மராத்திக்கார அம்மாள் முறத்தை நிறுத்திவிட்டு, “காய் ஜாலா?” என்று என்னைக் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்று தலையை ஆட்டினேன். மேலே குரல் ஏறிக்கொண்டே போயிற்று. நான் பாதியில் விழுங்கியதை எல்லாம் அவள் முழுசாகச் சொன்னாள். என் ரசப் பாராட்டையும் விடவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது.

என் கணவர் குடையை ஊன்றிக்கொண்டு மேலேயே பார்த்தபடி நின்றார். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

“நாம கெளம்பணும் போலிருக்கே,” என்றார்.

“கெளம்பலாம், நாளைக்கு,” என்றேன். “இப்போ பேசாம நில்லுங்கோ. பாவம், அவ முடிக்கட்டும்.”